வாவிக்கரையில் பல்வலி: அரசாங்கமா, தனியாரா?

பல்வலி வந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போவதா, பிறைவேற்றில் காட்டுவதா என்ற கேள்வி இன்று மட்டக்களப்பு வாவியைச் சுற்றி வாழும் எல்லோருக்கும் பழகிப்போன கேள்வி. ஆனால் இந்தக் கேள்விக்கு வயது அதிகமில்லை. நமது பாட்டன்மாருக்கு இப்படியொரு கேள்வி இருக்கவில்லை. தெரிவு செய்வதற்கு இரண்டு கதவுகள் வேண்டும். அவர்களுக்குப் பல காலம் ஒரு கதவுகூட இருக்கவில்லை.

ரொறன்ரோவில் வசிக்கும் உறவினர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் இதனைத்தான் கேட்டார். "அண்ணன், அம்மாவுக்குக் கொடுப்புப் பல் கொதிக்குதாம். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுறதா, பிறைவேற்றில காட்டச் சொல்லுறதா? காசு பிரச்சினை இல்லை. அவ ஊசியெண்டாலே நடுங்குவா." அவருக்கு ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தத் தாயாரின் நடுக்கத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. போர்களையும் தேர்தல்களையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்ற நாம், பல்லைப் பற்றி எழுதுவதில்லை. எனவே இக்கட்டுரை.

பரிகாரியும் அப்போதிக்கரியும்

மட்டக்களப்புக் கிராமங்களில் பல்வலிக்கு முதலில் கைகொடுத்தது கராம்பு. சூத்தைப் பல்லின் குழிக்குள் கராம்பையோ கராம்பு எண்ணெயையோ வைத்து அடக்குவார்கள். இது வெறும் நம்பிக்கையல்ல. கராம்பிலுள்ள யூஜினோல் என்ற பொருள் நரம்பை மரத்துப்போகச் செய்யக்கூடியது. நவீன பல் வைத்தியரும் தற்காலிக அடைப்புக்கு அதே யூஜினோலைத் துத்தநாக ஒட்சைட்டுடன் குழைத்துப் பயன்படுத்துகிறார். பல் சிகிச்சை அறைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுகின்ற அந்த வாசனை பெரும்பாலும் கராம்பின் வாசனைதான்.

அதற்கு அடுத்தது கண்டங்கத்தரி விதைப் புகை. பல்லுக்குள் புழு இருக்கிறது, புகை பிடித்தால் அது விழுந்துவிடும் என்பது தமிழ் நிலங்களில் பரவலாக இருந்த எண்ணம். இதற்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. பபிலோனியர் காலம் முதல் ஐரோப்பா வரை உலகம் முழுவதுமே பற்புழுவை நம்பியது. பிரான்ஸின் பியர் ஃபோஷார் 1728இல் பல் வைத்தியத்தைப் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டு, தாம் அந்தப் புழுவைக் கண்டதில்லை என்ற தொனியில் எழுதிய பின்னர்தான் அந்த எண்ணம் மெல்ல மெல்ல ஆட்டங்கண்டது.

இலங்கையில் பிரித்தானியரின் சிவில் வைத்தியத் திணைக்களம் 1858இல் தொடங்கப்பட்டது. கொழும்பில் வைத்தியக் கல்லூரி 1870இல் ஆரம்பமானது. அங்கு பயின்று வெளியேறியவர்கள் பொது வைத்தியர்களும் அப்போதிக்கரிமாரும். பல்லுக்கென்று தனியாக எவரும் பயிற்றப்படவில்லை. நாட்டுப்புற டிஸ்பென்சரிகளில் காய்ச்சலுக்குக் கலவை மருந்து கொடுத்த அதே அப்போதிக்கரி, குறடு எடுத்துப் பல்லையும் பிடுங்கினார். வலி தாங்க முடியாத கட்டத்தில் மட்டுமே மக்கள் அவரிடம் போனார்கள். இருவர் தோளைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, பல் வந்ததா அல்லது பாதி உடைந்ததா என்பது அவரவர் அதிர்ஷ்டம் என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நமது ஊர்களில் பல் வைத்தியம் என்றால் பல் பிடுங்குதல் என்ற ஒற்றைப் பொருள் நிலைத்தது இப்படித்தான். பயத்தின் முதல் விதையும் அங்கேதான் விழுந்தது.

சீனரின் பல் கடை

தனியார் பல் வைத்தியம் இந்த நாட்டுக்குள் வந்த கதை சுவையானது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சீனாவிலிருந்து சிறு எண்ணிக்கையானோர் இலங்கைக்கு வந்தார்கள். சிலர் துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்றார்கள். வேறு சிலர் நகரங்களில் பல் கட்டும் தொழில் செய்தார்கள். சீனாவின் ஹூபேய் மாகாணத்தைச் சேர்ந்த குடும்பங்கள் இந்தத் தொழிலைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்தன. கல்கத்தாவிலும் இதே கதைதான். பொய்ப்பல் கட்டுவதில் அவர்களுக்கு நல்ல பெயர் இருந்தது. பட்டம் பெற்ற பல் வைத்தியர் ஒருவரைக் காண்பது அரிதாக இருந்த காலத்தில், பல நகரத்தவருக்குப் பல் வைத்தியர் என்றால் சீனர் என்றே பொருள்.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது என்பது நாம் அனைவரும் அறிந்த விடயம். அதே சட்டம் இந்தச் சிறிய சீன சமூகத்தில் பலரையும் நாடற்றவர் ஆக்கியது என்பதைப் பலர் அறியார். பல தலைமுறைகளாக இந்நாட்டு மக்களுக்குப் பல் கட்டிக் கொடுத்த குடும்பங்களுக்கு, 2008இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமொன்றை நிறைவேற்றிய பின்னரே பிரஜாவுரிமை கிடைத்தது. அறுபது ஆண்டுகள் தாமதமான நீதி அது.

வலியைக் கொன்றவர்கள்

பல் வைத்தியர்தான் மனித குலத்துக்கு வலியைத் தந்தவர் என்று நினைப்பவர்கள், வலியை நீக்கும் வழியைத் தேடியவரும் ஒரு பல் வைத்தியரே என்பதை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரைச் சேர்ந்த ஹொரஸ் வெல்ஸ், 1844 டிசம்பர் 11ஆம் திகதி நைதரசன் ஒட்சைட்டு எனப்படும் சிரிப்பு வாயுவைத் தாமே சுவாசித்துத் தமது பல்லைப் பிடுங்குவித்துக்கொண்டார். அடுத்த மாதம் பொஸ்டனில் நடத்திய செய்முறை விளக்கத்தில் நோயாளி கத்திவிட, கூடியிருந்தவர்கள் அவரை எள்ளி நகையாடினார்கள். 1846 ஒக்டோபரில் அதே பொஸ்டனில் ஈதர் மூலம் வெற்றிகண்ட வில்லியம் மோர்ட்டனும் ஒரு பல் வைத்தியரே.

ஒரு தாடையை மட்டும் விறைக்கச் செய்யும் ஊசி 1884இல் கொக்கேயினுடன் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோவோக்கேயின் வந்தது. இன்று மட்டக்களப்பில் அரசாங்க வைத்தியசாலையிலும் தனியாரிடமும் வழக்கமாகப் போடப்படும் லிக்னோக்கேயினை 1943இல் சுவீடனின் நில்ஸ் லோஃப்கிரன் உருவாக்கினார். அது சந்தைக்கு வந்தது 1948இல்.

இந்த மருந்தைப் பற்றி இரண்டு விடயங்களை இங்கே சொல்லியாக வேண்டும். முதலாவது, ஊசியில் பெரும்பாலும் சிறிதளவு அட்ரினலின் கலந்திருக்கும். மருந்து அதே இடத்தில் நீண்ட நேரம் நிற்பதற்காக அது சேர்க்கப்படுகிறது. சிலருக்கு ஊசி போட்டவுடன் நெஞ்சு படபடப்பது இதனால்தான். பயந்த நோயாளி அதனைத் தமது பயமென்றோ, ஏதோ ஆபத்தென்றோ எண்ணிக்கொள்கிறார். ஓரிரு நிமிடங்களில் அது அடங்கிவிடும்.

இரண்டாவது விடயம் அதைவிட முக்கியமானது. சீழ் பிடித்து வீங்கிய இடத்தில் அமிலத்தன்மை கூடியிருப்பதால் விறைப்பு மருந்து சரியாக வேலை செய்வதில்லை. அதாவது, பயத்தால் நாட்களைக் கடத்தி, கன்னம் வீங்கிய பின்னர் வருபவருக்குத்தான் ஊசி போட்டும் வலிக்கும் வாய்ப்பு அதிகம். அவர் வீடு திரும்பிப் பத்துப் பேருக்கு அந்த வலியைச் சொல்வார். அந்தப் பத்துப் பேரும் தங்கள் முறை வரும்போது நாட்களைக் கடத்துவார்கள். பயம் தாமதத்தைப் பெறுகிறது, தாமதம் வலியைப் பெறுகிறது, வலி மீண்டும் பயத்தைப் பெறுகிறது. நமது கிராமங்களின் பல் வைத்தியச் சரித்திரத்தை இந்த ஒரே சங்கிலிக்குள் அடக்கிவிடலாம்.

பள்ளிக்கூடத்துக்கு வந்த நாற்காலி

இலங்கையில் பல் வைத்தியக் கல்வி 1943இல் கொழும்பில் ஆரம்பமானது. 1950களில் அது பேராதனைக்கு இடம்மாறியது. அதன்பின் பல தசாப்தங்களாக முழு நாட்டுக்கும் பல் வைத்தியர்களை உருவாக்கிய ஒரே இடம் பேராதனைதான். மகாவலிக் கரையில் படித்து வெளியேறிய ஒரு சிறு தொகையினரே, வடக்கிலிருந்து தெற்கு வரை எல்லா வைத்தியசாலைகளுக்கும் பங்கிடப்பட்டார்கள். கிழக்கின் கடைக்கோடிக் கிராமங்களுக்கு எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தக் குறையை நிரப்ப அரசாங்கம் நியூஸிலாந்தைப் பார்த்தது. அங்கு 1921 முதல், பாடசாலைகளிலேயே சிறுவர்களின் பற்களைப் பராமரிக்கும் பல் தாதியர் சேவை நடந்துவந்தது. இலங்கையிலும் 1950களின் தொடக்கத்தில் பாடசாலைப் பல் சேவை தொடங்கி, மகரகமவில் பயிற்சிக் கல்லூரியும் நிறுவப்பட்டது. இன்று அவர்களைப் பாடசாலைப் பற்சிகிச்சையாளர் என்கிறோம். மூன்று வயது முதல் பதின்மூன்று வயது வரையிலான பிள்ளைகளே அவர்களது பொறுப்பு.

பிள்ளைக்கு வலி வருவதற்கு முன்பே பல்லைப் பார்ப்பது, சிறு குழியாக இருக்கும்போதே அடைப்பது, முதல் நாளில் ஒன்றும் செய்யாமல் நாற்காலியில் ஏற்றி இறக்குவது ஆகியவையே இந்தச் சேவையின் அடிப்படை நோக்கங்கள். பல் பிடுங்கும் இடம் என்ற பெயரைப் பல் காக்கும் இடம் என்று மாற்றுவதற்கு எடுக்கப்பட்ட முதல் முயற்சி என்று இதனைச் சொல்லலாம். ஆனால் நியூஸிலாந்துப் பிள்ளைகளே தங்கள் பாடசாலைப் பல் அறைக்குக் 'கொலை வீடு' என்று பட்டப்பெயர் சூட்டியிருந்தார்கள். மிதிச் சக்கரத்தால் மெதுவாகச் சுழன்ற துளை கருவியும், ஊசி போடாமல் துளைத்த வழக்கமும் அந்தப் பெயரைப் பெற்றுக்கொடுத்தன. நல்ல நோக்கம் மட்டும் பயத்தைப் போக்கிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது கதவு திறந்த ஆண்டு

1977ஆம் ஆண்டைத் திறந்த பொருளாதாரத்தின் ஆண்டாகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதே ஆண்டில்தான், அரசாங்க வைத்தியர்கள் கடமை நேரத்துக்குப் பின்னர் தனியாராகத் தொழில் செய்யும் உரிமை மீண்டும் வழங்கப்பட்டது. மட்டக்களப்பு போன்ற நகரங்களில் இரண்டாவது கதவு பரவலாகத் திறக்கப்பட்டது இந்த மாற்றத்துக்குப் பின்னரே.

வெளிநாட்டில் வாழும் வாசகர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. லண்டனில் அரசாங்கப் பல் வைத்தியர், தனியார் பல் வைத்தியர் என்று பிரித்துப் பேசுவது போல இங்கே பேச முடியாது. காலையில் வைத்தியசாலையில் துண்டு எடுத்து வரிசையில் நின்று காட்டுகின்ற அதே வைத்தியரை, மாலையில் நகரத்துச் சிகிச்சை நிலையத்தில் பணம் கட்டிச் சந்திக்கலாம். அதே கைகள், அதே படிப்பு, அதே விறைப்பு ஊசி. மாறுவது நேரம் மட்டுமே. காலையில் அவருக்கு முன்னால் ஒரு நீண்ட வரிசை இருக்கும். மாலையில் உங்களுக்கென்று இருபது நிமிடமோ அரை மணித்தியாலமோ இருக்கும். தனியாரிடம் நாம் வாங்குவது பெரும்பாலும் நேரத்தைத்தான். பயந்த நோயாளிக்கு அந்த நேரமே பாதி மருந்து என்பதையும் மறுக்க முடியாது.

வாவியும் போரும்

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கிழக்கே கடலோரமாக எழுவான்கரை. நகரமும், சந்தைகளும், பெரிய வைத்தியசாலைகளும், தனியார் சிகிச்சை நிலையங்களும் அங்கேதான். மேற்கே வயலும் குளமுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. வலையிறவுப் பாலமும் பட்டிருப்புப் பாலமும் இரு கரைகளையும் இணைத்தன. மற்ற இடங்களில் 'பாதை' என்று நாம் அழைக்கும் மிதவையும் தோணியும்தான். மண்முனைத்துறை, குருக்கள்மடம் - அம்பிளாந்துறை, குருமண்வெளி - மண்டூர் ஆகிய துறைகளில் பாதைக்காகக் காத்திருந்தோர் எத்தனையோ பேர்.

1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தபின் இந்த வாவி ஓர் எல்லைக்கோடாகவே மாறியது. படுவான்கரையின் பெரும்பகுதி நீண்ட காலம் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. எழுவான்கரை இராணுவத்தின் கையில். துறைகளிலும் பாலங்களிலும் சோதனைச்சாவடிகள். மாலையானால் போக்குவரத்து நின்றுவிடும். பிரசவத்துக்கும் துப்பாக்கிக் காயத்துக்குமே ஆற்றைக் கடப்பது பெரும்பாடாக இருந்த காலத்தில், பல்வலிக்காக யார் அடையாள அட்டையைக் காட்டி வரிசையில் நிற்பார்? பல்வலி உயிரைக் கொல்லாது என்று சொல்லிக் கராம்பை வைத்து அடக்கினார்கள். மாலையில் மட்டுமே திறக்கும் தனியார் சிகிச்சை நிலையம் அவர்களுக்கு இல்லாத ஒன்றே. பாதை நின்ற பிறகு வீடு திரும்ப முடியாதே.

2002 பெப்ரவரி யுத்த நிறுத்தம் சில ஆண்டுகள் மூச்சுவிட இடம் கொடுத்தது. 2006இல் மீண்டும் மோதல், இடப்பெயர்வு. 2007 ஜூலையில் கிழக்கில் போர் முடிந்ததாக அரசாங்கம் அறிவித்தது. 2014இல் மண்முனையில் பாலம் திறக்கப்பட்டபோது, நகரத்துக்குப் பாதையில் காத்திருந்து வந்த மக்கள் சில நிமிடங்களில் வாவியைக் கடந்தார்கள். அந்தப் பாலத்தின் நன்மைகளைப் பட்டியலிட்டவர்கள் நெல்லையும் பாலையும் பற்றிச் சொன்னார்கள். படுவான்கரை மக்களுக்கு இரண்டாவது கதவையும் அதுவே திறந்துவிட்டது என்று நான் சேர்த்துக்கொள்வேன். அரசாங்கமா தனியாரா என்று ஒரு கொக்கட்டிச்சோலைக் குடும்பம் உட்கார்ந்து யோசிப்பதற்கு, மாலை ஆறு மணிக்குப் பின்னரும் திரும்பி வரக்கூடிய ஒரு பாதை முதலில் வேண்டும்.

இன்று ஐம்பது வயதைத் தாண்டிய படுவான்கரைவாசி ஒருவரின் பயத்தைக் கோழைத்தனம் என்று நகைப்பவர்கள் இந்தச் சரித்திரத்தை மனத்திற் கொள்ள வேண்டும். தமது இளமைக் காலம் முழுவதும், பல் வீங்கிய பின்னரே வைத்தியரைக் கண்ட தலைமுறை அது. அவர்கள் அனுபவித்த வலி உண்மையானது.

கடல் கடந்த கதை

வசதியான நாடுகள் இந்தக் கேள்வியை எப்படித் தீர்த்தன? பிரித்தானியாவில் 1948 ஜூலை 5ஆம் திகதி தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது பல் சிகிச்சையும் இலவசமாக்கப்பட்டது. ஆண்டாண்டு காலமாக வலியைப் பொறுத்துக்கொண்டிருந்த மக்கள் வெள்ளமாகத் திரண்டார்கள். செலவு மதிப்பீட்டைத் தாண்டியது. மூன்றே ஆண்டுகளில், 1951இல், பொய்ப்பல்லுக்குக் கட்டணம் விதிக்கத் தீர்மானித்தார்கள். அந்தச் சேவையை உருவாக்கிய அனெய்ரின் பெவன், பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணமா என்று எதிர்த்து அமைச்சர் பதவியைத் துறந்தார். 1952இல் பல் சிகிச்சைக்கும் ஒரு பவுண் கட்டணம் வந்தது.

கனடாவில் பொது மருத்துவக் காப்புறுதி இருந்தும், வழக்கமான பல் சிகிச்சை அதற்கு வெளியேதான் இருந்தது. வருமானம் குறைந்த, வேறு காப்புறுதி இல்லாத முதியோருக்கு மத்திய அரசின் பல் பராமரிப்புத் திட்டத்தின் கீழ் சிகிச்சை கிடைக்கத் தொடங்கியது 2024 மே மாதத்தில்தான். ஸ்காபரோவில் பல் சிகிச்சையின் விலையைக் கேட்டுத் திகைத்து, ஊருக்கு வரும்போது செய்துகொள்ளலாம் என்று ஒத்திவைப்பவர்களை நாம் அறிவோம். அதே வேளையில், பணக்கார நாடு என்று எவரும் சொல்லாத இலங்கையில், அரசாங்க வைத்தியசாலையில் பல் பிடுங்குவதும் அடைப்பதும் இன்றுவரை இலவசம். இந்தச் சிறிய தீவு பெருமைப்படத்தக்க விடயங்களுள் இதுவும் ஒன்று.

பெருமைக்குப் பக்கத்தில் கவலையும் உண்டு. 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்து, டொலருக்கு ஏறக்குறைய இருநூறாக இருந்தது சில வாரங்களில் முந்நூற்று அறுபதைத் தொட்டது. விறைப்பு மருந்தும் அடைக்கும் பொருட்களும் இறக்குமதியாகின்றவை. தனியாரின் கட்டணம் ஏறியது. வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு. வைத்தியர்களும் நாட்டை விட்டுப் போகத் தொடங்கினார்கள். இரு கதவுகளும் ஒரே நேரத்தில் ஒடுங்கிய ஆண்டு அது.

பயந்தவர் எந்தக் கதவைத் தட்டுவது?

அமெரிக்க உளவியலாளர் நோர்மன் கோரா 1969இல், பல் வைத்தியப் பயத்தை அளப்பதற்கு நான்கே கேள்விகள் கொண்ட அளவுகோலொன்றை வெளியிட்டார். நாளை வைத்தியரிடம் போக வேண்டும் என்ற நினைப்பு எப்படியிருக்கிறது, காத்திருக்கும்போது எப்படியிருக்கிறது என்ற வகையில் அக்கேள்விகள் அமைந்தன. பயம் நாற்காலியில் தொடங்குவதில்லை, முதல் நாள் இரவிலேயே தொடங்குகிறது என்பதை அந்தக் கேள்விகளே உணர்த்துகின்றன. எனவே, நீண்ட நேரம் வரிசையில் இருப்பது பயந்தவருக்குச் சிகிச்சையைவிடப் பெரிய தண்டனை. முன்கூட்டியே நேரம் குறித்துப் போகக்கூடிய தனியார் நிலையம் இந்த வகையில் நல்லது. ஒரே வைத்தியரிடம் தொடர்ந்து காட்டலாம் என்பதும் அதன் அனுகூலம். வைத்தியசாலையில் இடமாற்றங்கள் நடக்கும். இன்று கண்ட முகம் அடுத்த ஆண்டு இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் தனியார் என்ற முடிவும் பிழையானது. கன்னமும் கழுத்தும் வீங்கிக் காய்ச்சலடித்தால், வாயைத் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டால் வைத்தியசாலைக்கே போக வேண்டும். இருதய நோய், கட்டுப்பாடில்லாத நீரிழிவு, இரத்தம் உறையாமைக்கான மருந்து ஆகியவை உள்ளவர்களுக்கு, மற்றைய பிரிவு வைத்தியர்களும் அருகே இருக்கும் இடமே பாதுகாப்பானது. முழு மயக்கம் கொடுத்துத்தான் பல் பிடுங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கும் வழி வைத்தியசாலைதான். பிரித்தானியாவிலேயே, பல் சிகிச்சைக்கு வைத்தியசாலைக்கு வெளியே முழு மயக்கம் கொடுக்கும் வழக்கம் 2001ஆம் ஆண்டின் இறுதியுடன் நிறுத்தப்பட்டது. எந்தத் தனியார் அறையிலாவது அப்படிச் செய்து தருவதாகச் சொன்னால், அங்கிருந்து எழுந்து வருவதே புத்தி.

தனியாரிடம் போகுமுன் இரண்டு விடயங்களை விசாரிக்கலாம். வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்பது ஒன்று. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி அந்த நிலையம் பதிவு செய்யப்பட்டதா என்பது மற்றையது. இவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர் எண்ணுகிறார்கள். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பவர்கள் நாம். வாயைத் திறந்து காட்டும் இடத்தில் மட்டும் ஏன் கூச்சம்?

எந்தக் கதவானாலும், உட்கார்ந்தவுடன் "எனக்குப் பயம்" என்று சொல்லிவிடுவது நல்லது. வலித்தால் இடது கையைத் தூக்குவேன், உடனே நிறுத்துங்கள் என்று முதலிலேயே பேசிக்கொள்ளலாம். நிறுத்தும் அதிகாரம் தம்மிடம் இருக்கிறது என்று தெரிந்த நோயாளி பெரும்பாலும் கையைத் தூக்குவதேயில்லை. அதேபோல, முதல் நாளில் சோதித்துப் பார்ப்பதுடன் நிறுத்திக்கொண்டு, வேலையை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்வதும் உதவும். பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் பிள்ளைகளுக்குச் செய்வதை, பெரியவர்கள் தமக்கும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வெற்றிலை வட்டாவுக்குள் இருப்பது

இறுதியாக, இந்தத் தெரிவு வெறும் வசதியைப் பற்றியதல்ல என்பதைச் சொல்ல வேண்டும். களுதாவளை வெற்றிலைக்குக் கிழக்கில் தனிப் பெயர் உண்டு. நல்லது கெட்டது எதுவானாலும் வெற்றிலை வட்டா இல்லாமல் நமது வீடுகளில் ஒன்றும் நடப்பதில்லை. புகையிலை சேர்த்த வெற்றிலைக் கூட்டு புற்றுநோயை உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985இல் அறிவித்தது. புகையிலை சேர்க்காத கூட்டும், பாக்கு தனியாகவும்கூட அத்தகையவை என்று 2004இல் வெளியிட்டது. இலங்கையில் ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது.

அது தொடங்கும்போது வலிப்பதில்லை. ஒரு வெள்ளைத் தடிப்பு, ஒரு சிவந்த இடம், ஆறாத புண், அல்லது வாய் மெல்ல மெல்ல இறுகித் திறக்க முடியாமற் போவது. இவற்றைக் கண்ணால் கண்டு சொல்லக்கூடியவர் பல் வைத்தியர். பல் பிடுங்கப் பயந்து பத்து ஆண்டுகள் அவரிடம் போகாதவர், தம் வாய்க்குள் வளர்வதைக் காட்டும் சந்தர்ப்பத்தையும் இழக்கிறார். இரண்டு, மூன்று வாரங்களில் ஆறாத புண்ணென்றால், யோசனையே வேண்டாம், அரசாங்க வைத்தியசாலைதான். சதைத் துண்டு எடுத்துப் பரிசோதிப்பதும், அதன் பின்னரான சத்திரசிகிச்சையும் அங்கே இலவசம். தனியாரிடம் முதலில் காட்டினாலும், பொறுப்புள்ள வைத்தியர் அங்கேதான் அனுப்புவார்.

உறவினரின் தாயாருக்கு நான் சொல்லியனுப்பிய பதில் இதுதான்: வீக்கம் இல்லாவிட்டால், இந்த வாரமே ஒரு மாலைப் பொழுதில் நேரம் குறித்துத் தனியாரிடம் போகட்டும். வீங்கியிருந்தால் நாளைக் காலையே பெரியாஸ்பத்திரிக்கு. கராம்பை மட்டும் நம்பிக்கொண்டு அடுத்த மாதம் வரை இருக்க வேண்டாம். நமது முன்னோருக்கு ஆற்றைக் கடக்கப் பாதை இருக்கவில்லை. நமக்குப் பாலம் இருக்கிறது.